நடுக்கூடத்து ஓடு

அலவாங்கு மறுபடியும் வழுக்கியது. கணேசமூர்த்தி முதலாளி முழங்காலை ஊன்றி, அந்தக் கடப்பாரையின் முனையைத் தரையோட்டின் ஓரத்தில் செருகி, முழுப் பலத்தோடு அழுத்தினார். ணங்... அசையவில்லை. இரவு இரண்டு மணி. பக்கத்து அறையில் அவர் மனைவி சிவகாமசுந்தரி, காலையிலிருந்து பால் குடிக்காத குழந்தையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குள் அந்த ஒரு ஓடு வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை...

மேசன் மாயாண்டி அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்ததோடு சரி. அலவாங்கை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் செல்லசாமியின் தாய்மாமன் வீட்டில் நடந்தது. ஐம்பத்து மூன்றாம் வருடம். ஹட்டன் பஜாரைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்கு நடுவே தனியாகப் போகுமே ஒரு ரோடு... அங்கேதான் வீடு.

அந்தத் தாய்மாமன்தான் முதலாளி. ஜவுளிக் கடைக்காரர், புது மோஸ்தரில் கட்டினார். ஊரெல்லாம் சிவப்புச் சிமெண்டு போட, தனக்கு மட்டும் பூத்தரை வேண்டும் என்று ஆசை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களா, வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போன நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. கூடம் முழுக்க, அந்தக் காலத்தில் பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த தரையோடுகள். பாலாடை நிறத்தில் கருநீலப் பூ. ஈரத்துணியால் துடைத்தால் நேற்றுச் சுட்டதுபோல மின்னும். மாயாண்டியை வைத்துப் பேர்த்து, லொறியில் ஏற்றி, மழையும் இருட்டுமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

கிரகப்பிரவேசத்தன்று பசு வாசல் தாண்டி வந்தது. நடு ஓட்டருகே நின்றுவிட்டது. வாலை முறுக்கினாலும் நகரவில்லை.

"தொரை வீட்டு ஓடுல்ல... காலுக்குச் சப்பாத்துப் போட்டாத்தான் ஏறும் போல" என்றார் ஒரு பங்காளி. கூடம் சிரித்தது. சாக்கை விரித்துப் பசுவை இழுத்துப் போனார்கள். மாயாண்டி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் குழந்தை அழகம்மை... தவழும் வயது. விளக்கு வைக்கிற நேரமானால், எங்கிருந்தாலும் அந்த நடு ஓட்டுக்குப் போவாள். இடது கன்னத்தைப் பதித்துக் குப்புறப் படுப்பாள். யாரோ கதை சொல்வதுபோலக் கேட்பாள். நடுநடுவே சிரிப்பாள்.

ஒருநாள் சிவகாமசுந்தரி தானும் குனிந்து காது வைத்தாள். அடியிலிருந்து மெல்ல... சுர்ர்... சுர்ர்... பிஞ்சு நகம் சிமெண்டைச் சுரண்டுகிற சத்தம். கூடவே ஈரமண் வாசனை. புளித்த பால் வாசனை.

கட்டிலில் போட்டு அறைக்கதவைச் சாத்தினாலும், விடிந்தால் பிள்ளை அந்த ஓட்டின்மேல் கிடக்கும். கதவு சாத்தியபடியே இருக்கும். நாளுக்கு நாள் உடம்பில் சூடு குறைந்தது. டாக்டர் குளிர்தான் என்று மருந்து கொடுத்தார். கம்பளி சுற்றினார்கள். அன்று காலையிலிருந்து பாலும் இறங்கவில்லை.

"அதப் பேத்து எறிங்க. இல்லாட்டி எம் புள்ளய அது எடுத்துக்கும்" என்று அவள் சொன்ன பிறகுதான் முதலாளி அலவாங்கை எடுத்தார்.

ணங்... க்ரக்.

ஓடு கிளம்பியது. புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் சிமெண்டு ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. செய்தவர்களின் முத்திரை, மேடாக ஒரு நங்கூரம், கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. லாம்பைத் தாழ்த்தச் சொன்னார். கீழே இறுகிய சிமெண்டில் அந்த நங்கூரத்தின் அச்சு விழுந்திருக்க வேண்டும். இல்லை. அங்கே ஒரு பள்ளம். சின்னக் கன்னம்... சின்னக் காது... பாதி உதடு. அழுத்திப் படுத்த ஒரு குழந்தை முகத்தின் அச்சு.

லாம்பைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் ஓடினார்.

"மெதுவா... இப்பத்தான் தூங்குனா" என்றாள் சிவகாமசுந்தரி. பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

அவர் குழந்தையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது கன்னத்தில் நங்கூரம். ஆழமாக.

மாயாண்டி நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். குரல் மட்டும் உள்ளே வந்தது.

"பங்களாவுல இதே ஓட்டுக்கு அடியில கெடந்த புள்ளைக்கும் அந்தக் கன்னத்துலதாங்க மொதலாளி இருந்துச்சு. மண்ணத் தள்ளி மூடுடா, லொறி நிக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதுவும்... தூங்குற மாதிரிதான் இருந்துச்சு."