கிளெமான்ஸின் ஏழாவது விரல்

ஒரு பிள்ளையின் விலை, ஒரு கையெழுத்து. எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் பிரெஞ்சுத் தலைநகரத்து லா ஷப்பலில் அதுதான் நடப்பு விலை. நான் கடைக்காரர் குடும்பத்தில் வளர்ந்தவன். எதையும் பாதி விலையிலிருந்துதான் கேட்கத் தொடங்குவேன். இந்த வியாபாரத்தைக் கேள்விப்பட்டபோது மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

ஷட்டரை இறக்கியாயிற்றா? சரி. ஹீட்டருக்குக் கிட்ட வந்து இருங்கள்.

நடந்தது என் கூட்டாளி மடுத்தீனின் மச்சான் மரியரட்ணத்துக்கு. மன்னார்க்காரன். இங்கே ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். வேலை முடிய இரவு ஒரு மணி தாண்டும். மெத்ரோ ரயில் இருக்காது. ரயில் பாதைகளுக்கு மேலே போகும் பாலத்தால் தனியே நடந்து, அறை இருந்த ரூ பஜோல் தெருவுக்கு வர வேண்டும். கீழே தண்டவாளம்... சுற்றிவரப் பனிப்புகார்... நடுவில் அவன்.

"இஞ்சத்தைப் பேய் கார்த் இருக்கோ எண்டு பாத்திட்டுத்தான் ஆளைப் பிடிக்கும்," என்றாள் கடையில் வேலை செய்யும் சுகிர்தம், அரிசி மூட்டைமேல் இருந்தபடி.

"அதுதான் தங்கச்சி பிரச்சினை. அவனிட்டை வதிவிடக் கார்த் இல்லை."

அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு மேல்முறையீட்டில் கிடந்தது. கையிலிருந்த தற்காலிகத் தாள் திங்கட்கிழமையோடு சரி. புதுப்பிப்பதென்றால், 'இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்' என்று யாராவது கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு கட்டிலில் மூன்று பேர் முறைவைத்துப் படுக்கும் அறைக்கு எவன் கையெழுத்து வைப்பான்? தாள் போனால் வேலை போகும். வேலை போனால், மன்னாரில் இருக்கும் மனைவி அற்புதராணியையும் மகள் அருள்மலரையும் கூப்பிட வழியே இல்லை.

கையெழுத்து வைக்க ஒரே ஒரு ஆள் சம்மதித்தாள். அதே கட்டடத்தில் இருந்த ஜிஸ்லேன் என்ற வெள்ளைக்காரி. நடக்கக் கால் ஏலாது. முப்பது வருடமாகத் தன் தாயைப் பெற்றவளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கிளெமான்ஸ், விக்டோரியா மகாராணி காலத்தில் இதே லா ஷப்பலில் ஊர்த்துணி வெளுத்தவள். புருஷன் ஒகுஸ்த் பெரான், ரயில் நிலையத்தில் கரி அள்ளியவன். அவர்களுக்கு ஏழு பிள்ளைகள் என்று ஜிஸ்லேனின் தாய் சாகும்வரை சொன்னாளாம். பதிவில் இருந்தது ஆறு. கடைசிப் பெண்ணைக் காணவில்லை. அவளைக் கண்டுபிடித்துத் தந்தால் ஒரு சிறிய அறை, கூடவே கையெழுத்து. அதுதான் பேரம்.

பகலெல்லாம் ஆவணக் காப்பகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுகளின் படச்சுருளைச் சுற்றினான். பழைய பதிவுகள் ஒரு கலகத்தில் எரிந்துபோனதாக அங்கே சொன்னார்கள். "இஞ்சையும் எரிச்சவங்களோ?" என்று மடுத்தீனிடம் கேட்டானாம், சொந்தக்காரனைக் கண்டவன்போல.

மிஞ்சியதில் கிளெமான்ஸ் இருந்தாள். கல்யாணம் கட்டினாள், கையெழுத்துப் போடத் தெரியாது. பெற்றாள். புதைத்தாள். பெற்றாள். புதைத்தாள். ஒவ்வொரு பிறப்புக்கும் வேறு வேறு முகவரி. வாடகை கொடுக்க ஏலாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். தொழில் மட்டும் மாறவில்லை, சலவைக்காரி. ஏழாவது பிள்ளை எங்கும் இல்லை.

வியாழன் இரவு. பாலத்தில் பாதி வந்திருப்பான்...

முதலில் மணம். சவர்க்காரமும் சாம்பல் தண்ணீரும் அவிந்த துணியும். பிறகு சத்தம். தப்... தப்... ஈரத் துணியை அடிக்கிற சத்தம். தண்டவாளத்துக்கு மேலே யார் துணி துவைக்கிறார்கள்?

கம்பியோரம் ஒருத்தி நின்றாள். முழங்கைவரை சுருட்டிய சட்டை. பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது... கீழே நிலம் காய்ந்தே இருந்தது. இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நாள்கணக்காகத் தண்ணீரில் ஊறிய விரல்கள். வெள்ளை வெளேரென்று சுருங்கி...

ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"எர்னெஸ்த்... மரி... லெயோன்... ஜூல்... பெர்த்... அலீஸ்..."

அவன் கைப்படப் பார்த்தெழுதிய பெயர்கள். அதே ஒழுங்கு. ஏழாவது விரல் மடங்காமல் நின்றது.

"ஏ லா பெத்தித்?"

சின்னவள்? அவ்வளவுதான் கேட்டாள்.

இரண்டு வருடமாக விமான நிலையத்திலும் பெர்பெக்சர் அலுவலகத்திலும் வக்கீல் அறையிலும் அவனிடம் கேட்ட அதே கேள்வி. பிள்ளைகள் உண்டா? சின்னவளின் பெயர்? தடுமாறினால் பொய் என்று எழுதிவிடுவார்கள் என்று வக்கீல் பழக்கி வைத்திருந்தார். பிரெஞ்சில் கேட்டால் நித்திரையிலும் பதில் வரும். வாய் தானாகத் திறந்தது.

"அருள்மலர் மரியரட்ணம். நாலு வயசு. மன்னார்."

அவள் தலையை ஆட்டினாள். ஏழாவது விரலை மடக்கினாள்... மெதுவாக. பிறகு மணமும் இல்லை, ஆளும் இல்லை.

"அண்ணை, லைற்றைப் போடுங்கோ," என்றாள் சுகிர்தம்.

இன்னும் கொஞ்சம்தான்.

மறுநாள் காப்பகத்தில் நித்திரையில்லாத கண்ணோடு படிவத்தை நிரப்பினான். தேடும் ஆளின் குடும்பப் பெயர் எழுதும் இடத்தில், நம் வழக்கப்படி, பிள்ளையின் தகப்பனுடைய சொந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டான். பெரான் என்று எழுத வேண்டியவன் ஒகுஸ்த் என்று எழுதினான். அலுவலர் வேறொரு சுருளைக் கொண்டுவந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளின் பதிவு. குடும்பப் பெயர் கொடுக்காமல் விட்டுப்போன பிள்ளைகளுக்கு இரண்டு முதற்பெயர்களைச் சேர்த்து வைப்பார்களாம்.

லூயிஸ் ஒகுஸ்த். பெண். பிறந்து ஏழு நாள். தாய் கிளெமான்ஸ், லா ஷப்பல் சலவைக்காரி. காரணம், பால் இல்லை. எங்கோ ஒரு கிராமத்துக்குப் பாலூட்ட அனுப்பினார்கள். அங்கேயே செத்தது. தாய்க்கு அறிவிக்கவில்லை, அறிவிக்கும் வழக்கமும் இல்லை.

ஜிஸ்லேன் பிரதியைப் பார்த்து அழுதாள். அழுத கையோடு கையெழுத்தும் வைத்தாள். மரியரட்ணம் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது... அவள் விரலில் எண்ணிய ஆறு பேரும் செத்தவர்கள். ஏழாவது விரலுக்கு அவன் கொடுத்தது உயிரோடிருக்கும் தன் மகளின் பெயர்.

அன்றிரவு முழுக்கப் பாலத்தில் நின்றான். புகாருக்குள் கத்தினான். "லூயிஸ்! உன்ரை பிள்ளை லூயிஸ்! நான் சொன்னது பிழை!" தெரிந்த பிரெஞ்சு முடிந்ததும் தமிழில் கத்தினான். கம்பியில் தலையை முட்டினான். கீழே சரக்கு ரயில் ஒன்று நகர்ந்தது. வேறு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மடுத்தீன் வீட்டுக்கு ராமேஸ்வரத்திலிருந்து தொலைபேசி. அற்புதராணி. ஊரில் இருக்க ஏலாமல், புருஷனுக்கும் சொல்லாமல், வியாழன் இரவு மகளோடு வள்ளம் ஏறியிருக்கிறாள்.

"ஆளோடை ஆள் நெருக்கம்... ஒரே இருட்டு. விடியப் போற நேரம் பிள்ளை குளிரிலை அழுதவள். பக்கத்திலை இருந்த பொம்பிளை மடியிலை வாங்கினவ. தமிழ் கதைக்கேல்லை. நல்ல சவர்க்கார மணம்... அதாலை நான் பயப்பிடேல்லை. விடியக் கரையிலை இறங்கேக்கை அந்த மனிசியும் இல்லை, பிள்ளையும் இல்லை. வள்ளக்காரன் சொல்லுறான், அப்பிடி ஒருத்தரும் ஏறவே இல்லையாம்... இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

மரியரட்ணத்துக்குக் கேட்டது. ரிசீவரை மடுத்தீனிடம் கொடுத்துவிட்டுப் பாலத்துக்கு ஓடினான்.

திங்கட்கிழமை தாள் புதுப்பிக்கப்பட்டது. அவன் வேலையை விட்டுவிட்டான். இரவில் பாலத்தில் நிற்கிறான், சரியான பெயரை வைத்துக்கொண்டு. கேட்க ஆள் வருவதில்லை. ஏன் வரப்போகிறாள்?

கிளெமான்ஸ் பெற்றது ஏழு. மடக்கியது ஏழு. அவள் கணக்கு நேர்.

லூயிஸ், இன்னும் எண்ணப்படவில்லை.