இரும்புக் கைக்கு இரவல் பேர்

“ஹலோ... அத்தான், நான்தான். காரை ஓரமா நிறுத்துங்க. ஆமா, இப்பவே.”

கன்ட்ரோல் ரூம் மேஜைக்கு அடியில் லேப்டாப்போடு குந்தியிருந்தான் அவன். வெளியே வெல்டிங் ரோபோவின் இரும்புக் கை இன்னொரு சுற்றுச் சுற்றியது. கண்ணாடித் தடுப்பு நொறுங்கி அவன் முதுகில் கொட்டியது.

“...இந்தச் சத்தமா? நீங்க வளர்த்த பிள்ளைதான். காலையில ஓட்டினதுல இருந்து வெறி பிடிச்சுச் சுத்துது. ஃபோர்மேன் தோளைப் பிளந்துடுச்சு... ம்... சிவப்பு பட்டனா? தூணோட பேத்தெடுத்துடுச்சு... மெயினை அணைக்கக் கூடாது அத்தான். அணைச்சா கை தொப்புனு விழும். அடியில ஆள் மாட்டியிருக்கு... யாரோ ஒருத்தர். அதை விடுங்க.”

நெற்றி ரத்தம் கீபோர்டில் சொட்டியது. புறங்கையால் துடைத்தான்.

“நிறுத்தற கட்டளையைச் சேர்த்துட்டேன். கம்பைலர் புரோகிராமை ஏத்துக்க மாட்டேங்குது. புது மெஷினுக்கு எழுதின ‘புதுக்கை’ மாட்யூல்ல ‘நிறுத்து’ன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சாதிக்குது... இருக்கு அத்தான். ஃபைலைத் திறந்து வச்சிருக்கேன், குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு... ஆமா. ஆமா, ஆமா, மூணு தடவை ஓட்டியாச்சு... எழுத்துப் பிழையா? நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?”

மேஜையின் ஒரு கால் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

“...இருக்கேன், இருக்கேன். சொல்லுங்க... மேல மாட்யூலை இழுக்கற இம்போர்ட் வரியா? இருங்க.”

படித்தான். பல்லைக் கடித்தான்.

“அத்தான், இது புதுக்கையே இல்ல. பழைய மாட்யூலை இழுத்துட்டு வந்து ‘புதுக்கை’ன்னு பேர் சூட்டியிருக்கு. கம்பைலர் தேடறது பழசுல, திட்டறது புதுசு பேரைச் சொல்லி. பழைய மெஷின் அளவுல புது மெஷின் ஓடினா ஆளை அடிக்காம என்ன செய்யும்? எந்தப் புண்ணியவான்... என்ன? நீங்களா?... சோதனைக்கு மாத்தினீங்க. திருப்பி மாத்தாம லீவுல கிளம்பிட்டீங்க... சரி. அழுகையெல்லாம் அப்புறம். அந்த வரியை அழிச்சு நிஜப் புதுக்கையையே இழுத்துட்டேன்... ஓடுது... ஆயிடுச்சு. அனுப்பிட்டேன்.”

இரும்புக் கை ஒருமுறை உதறியது. மெல்ல மேலெழுந்து நின்றது. முனகல் வந்த இடத்துக்கு அவன் கண்ணாடிச் சில்லுகள் மேலேயே தவழ்ந்தான்.

“...நின்னுடுச்சு. மூச்சு இருக்கு. முழங்காலுக்குக் கீழ நசுங்கிப் போச்சு... ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது... யாரு யாருன்னு குடையாதீங்க. முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு வரி ஞாபகம் வந்திருக்காது.”

அடியில் கிடந்தவரின் கை அவன் விரலைப் பற்றிக்கொண்டது.

“வண்டியைத் திருப்புங்க அத்தான். உங்க லீவுக்குப் பதிலா இன்னிக்கு ஷிஃப்ட் பார்க்க வந்தது அக்கா.”

லைன் அறுந்தது.