முன் சீட்டுல பாதி வழி

முதல்ல எனக்குத் துரோகம் பண்ணினது எங்க மாப்பிள்ளைதான், தம்பி. வண்டி விக்கிறவங்க எல்லாம் அவருக்கு அப்புறம்தான் வர்றாங்க. நீங்க அந்த வரிசையிலயே இல்ல, பயப்படாதீங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம்… சரி, உக்காந்துட்டீங்க, பரவால்ல. அது டிரைவர் சீட்டு. கால மட்டும் கோட்டுக்கு வெளிய நீட்டாதீங்க, அங்க கதவு.

சாக்பீஸ் கோடுதான். துணி வெட்டுற சாக்பீஸு. நான்தான் போட்டேன். நாப்பது வருஷம் தையக்கடை வச்சிருந்தவன், கோடு கோணாது. டீ ஆறுது, குடிங்க. அவங்க இப்போதைக்கு மேல வரமாட்டாங்க. மெக்கானிக் உங்க வண்டிக்கு அடியில படுத்திருக்காரு, எங்க ஆளுங்க நாலு பேரும் அவரு காலச் சுத்தி நிக்கிறாங்க.

மாப்பிள்ளைன்னா என் பொண்ணு புருஷன்னு நினைச்சுக்காதீங்க. என் தங்கச்சி புருஷன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. தலையில முடி போச்சு, வாயில பாதிப் பல்லு போச்சு, மாப்பிள்ளைங்கிறது மட்டும் போகல. ஃபேனுக்கு நேர் கீழ இருக்கிற கட்டில் அவருக்கு. புதுத் துண்டு வாங்கினா அவருக்கு. ஏன்னு கேட்டா, என்னண்ணே, அவரு இந்த வீட்டு மாப்பிள்ளை இல்லையான்னு தங்கச்சி மூக்கச் சிந்துவா. நான் இன்னிக்கு வரைக்கும் அவர ‘அவரு’ன்னுதான் சொல்றேன், கவனிச்சீங்களா? அது என் பெருந்தன்மை.

என்ன பண்ணினாருன்னுதான கேக்குறீங்க? கேக்கலையா… சொல்றேன்.

இருபத்திமூணு வருஷம் முன்னாடி, வாடகை வண்டி பிடிச்சு ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனோம். ஆறு மணி நேரப் பயணம். மிஷின் மிதிச்சு மிதிச்சு எனக்கு அப்பவே முட்டி போயிருச்சு. முன் சீட்டுல உக்காந்தாத்தான் கால நீட்ட முடியும். இவரு முந்திக்கிட்டு கதவப் பிடிச்சுட்டாரு. பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? “பாதி வழி நான், பாதி வழி நீங்க, மச்சான்.” இதுக்கு என் தங்கச்சி சாட்சி. டிரைவரும் சாட்சி, ஆனா அவரு இப்ப உயிரோட இல்ல.

பாதி வழியில டீக்கடையில நிறுத்தினாங்க. இவரு இறங்கினாரு, டீ குடிச்சாரு, மறுபடி முன்னாடியே ஏறிக்கிட்டாரு. கண்ணாடியத் தட்டினாராம். நான் வாயத் தொறந்து தூங்கிட்டிருந்தேனாம். எழுப்ப மனசு வரலையாம். ஏன் தம்பி, தூங்குறவன எழுப்பி முன்னாடி உக்கார வச்சா அவன் முன்னாடி தூங்கமாட்டானா? சரி, திரும்பி வரும்போதாவது குடுத்தாரா? போறது வேற, வர்றது வேறன்னுட்டாரு. அதுல இருந்து மூணு மணி நேரம் முன் சீட்டு எனக்குப் பாக்கி. காசுன்னா எப்பவோ விட்டிருப்பேன்.

சட்டை எங்க தைச்சீங்க? இடது கை அர இஞ்சு கம்மி. சும்மா சொன்னேன்… கைய மடக்காதீங்க, மடக்கினா இன்னும் தெரியும்.

வண்டி எதுக்குன்னா, நாங்க அஞ்சு பேரு. என் பையன், மருமக, தங்கச்சி, அவரு, நான். இருக்கிறது ஒரு ஸ்கூட்டர். எங்க போனாலும் தவணை முறையிலதான் போறது. முதல் தவணையா போனவங்க சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவும்போதுதான் மூணாந் தவணை வந்து இறங்கும். இப்ப தங்கச்சிக்கு இடுப்புல ஆபரேஷன். ஸ்கூட்டர்ல ஏறக்கூடாதுன்னுட்டாரு டாக்டர். வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதனாலதான் மருமக பிடிவாதமா நிக்கிறா. அவ ரொம்ப விவரம். ஒரு நோட்டு வச்சிருக்கா. லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர், டயர் எப்ப மாத்தினது, இன்சூரன்ஸ் எந்த மாசம் முடியுது, இதுக்கு முன்னாடி எத்தன பேரு கைல இருந்துச்சு, எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கா. கடைசிக் கட்டத்துல மட்டும் அஞ்சு சின்னப் பெட்டி. அஞ்சு பேரும் சரின்னு சொன்னாத்தான் வண்டி. அது இந்த வீட்டுச் சட்டம். நாலு பெட்டியில ஈஸியா டிக் விழுந்துரும். அஞ்சாவது பெட்டிதான்… நான்.

பதினோரு வண்டி பாத்தாச்சு. உங்களுது பன்னெண்டு.

நான் சும்மா வம்புக்கு நிக்கிறவன் இல்ல, தம்பி. முதல் வண்டியில மீட்டரு முப்பதாயிரம் காட்டுச்சு. எல்லாரும் எஞ்சின் பக்கம் போனாங்க, நான் டிரைவர் சீட்டு ஓரத்தத் தடவிப் பாத்தேன். ஏறி இறங்குற பக்கம் நூலு பஞ்சு பஞ்சா வந்திருச்சு. அதுக்கு மேல மிஷின்ல புதுசா ஒரு ஓட்டு ஓட்டியிருக்காங்க. நூல் அதே கலரு, தையல் வேற. மீட்டரத் திருப்பி வைக்கலாம், தையலத் திருப்பி வைக்க முடியாது. இந்தச் சீட்டுல ஒரு ஆளு லட்சம் கிலோமீட்டராவது உக்காந்திருக்கான்னு சொன்னேன். வித்தவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு. மருமக அன்னிக்கு என்னப் பாத்தா பாருங்க ஒரு பார்வை… அதோட சரி. அதுக்கப்புறம் அப்படி அவ பாக்கவே இல்ல.

உங்க சீட்டயும் பாத்தேன். அப்பவே, கீழ நின்னு பாத்துட்டுத்தான் உங்க பின்னாடியே படியேறி வந்தேன். கம்பெனித் தையல், ஒரு நூல் விடல. மீட்டர் உண்மை பேசுது. நல்ல மனுஷன் நீங்க.

மத்த பத்து வண்டியும் நல்ல வண்டிதான், அத நான் ஒத்துக்கிறேன். ஆனா எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும் முன்னாடி ஒரே ஒரு சீட்டுதான வைக்கிறாங்க? ஒரு வாத்தியார் வண்டி வந்துச்சு. வாங்கின அன்னிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையக் கூட அவரு கழட்டல. எல்லாருக்கும் கண்ணு பளபளன்னு ஆயிருச்சு. ஓட்டிப் பாக்கப் போனோம். இவரு ஏறினதும் ஏறாததுமா முன்னாடி உக்காந்து, ஏதோ ஒரு கம்பிய இழுத்து சீட்டப் பின்னாடி தள்ளினாரு பாருங்க, நேரா என் முட்டியில. பிளாஸ்டிக் சத்தம் காத அடைக்குதுன்னு சொல்லி அந்த வண்டிய வேணாம்னுட்டேன்.

இவரு வாதம் என்ன தெரியுமா? முன்னாடி கனமான ஆளு உக்காந்தா, இறக்கத்துல போறோம்னு வண்டி நினைச்சுக்குமாம். பெட்ரோல் கம்மியாக் குடிக்குமாம். எம்பத்தஞ்சு கிலோ ஆளு. சிக்கனத்துக்காக உக்காந்திருக்காராம். தங்கச்சி அதுக்கும் தலையாட்டுறா.

இந்தக் கோடு எதுக்குன்னு மறுபடி பாக்குறீங்க. வண்டிக்காரங்க வீட்டு வாசல்ல போய் நின்னு நாங்க சண்ட போட்டதுல மருமகளுக்கு மானம் போச்சு. இனிமே சண்ட எல்லாம் வீட்டோட முடியட்டும், யாரு எங்க உக்காரணும்னு முதல்ல பழகிட்டு அப்புறம் வண்டி பாப்போம்னு அவதான் சொன்னா. நான் இஞ்சு டேப்ப எடுத்துட்டுப் போய்த் தெருவுல நின்ன ஒரு வண்டிய அளந்துட்டு வந்தேன். அதுக்குள்ள அந்த வண்டிக்காரரு வெளிய வந்து என்னய்யா வேணும்னாரு. நல்லா இருக்கான்னு பாத்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் ஹால்ல கோடு போட்டு நாற்காலி போட்டாச்சு. தினம் சாயங்காலம் அர மணி நேரம் போறோம்.

போறோம்னா… உக்காந்திருக்கோம். பையன் நீங்க இருக்கிற இடத்துல, கையில பாத்திர மூடியோட. நாலாவது நாளு தங்கச்சிக்குத் தல சுத்திருச்சு, வளைவுல இவ்வளவு வேகமாத் திருப்பினா எப்படிடான்னு பையனத் திட்டினா. அவன் போனப் பாத்தா, ரோட்டப் பாத்து ஓட்டுடாங்கிறா. மூணு வாரமா ஓடுது, ஒரு சொட்டு எண்ணெய் போடல. இத விடச் சிக்கனமான வண்டி எங்க கிடைக்கும், சொல்லுங்க.

உங்க பக்கத்துல இருக்கு பாருங்க, கை வச்ச நாற்காலி, மெத்தை போட்டது. அது அவருக்கு. எனக்கு இந்த ஸ்டூலு. பின்னாடி, நடுவுல. கீழ செங்கல் வேற. வண்டியில நடுவுல தரை மேடா இருக்குமாம், அதுக்காக மருமக கொண்டுவந்து வச்சா. முட்டி ரெண்டும் தாடையத் தொடுது, பாருங்க.

எங்க எழுந்திரிக்கிறீங்க? ஓடுற வண்டியில… சரி, சும்மா சொன்னேன். உக்காருங்க. முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன்.

முன் சீட்டு இவருக்கு எப்படிப் போச்சுன்னா, அளந்து போச்சு. நான்தான் சொன்னேன். யாருக்குக் காலு நீளமோ அவங்களுக்கு முன் சீட்டு, இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் டேப்பு வச்சுப் பாத்துருவோம், டேப்பு பொய் சொல்லாதுன்னு. எனக்கு என் காலு தெரியாதா? நாப்பது. இவரு முப்பத்தொம்பதரைதான், இவரு கல்யாணப் பேன்ட்ட நான்தான் தச்சேன். இவர நான் அளந்தேன், முப்பத்தொம்பதரை. அப்புறம் என்னைய மருமக அளந்தா.

இத யாருகிட்டயும் சொல்லாதீங்க. நாப்பது வருஷமா கடைக்கு வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அளவு எடுக்கும்போது குனிஞ்சு பாக்காதீங்க, குனிஞ்சா அளவு போயிரும், நேரா நில்லுங்க. போர்டுலயே எழுதி வச்சிருந்தேன். அன்னிக்கு மருமக டேப்பச் சரியா பிடிச்சிருக்காளான்னு… குனிஞ்சு பாத்துட்டேன். முப்பத்தொம்பது. சத்தமா வாசிச்சுட்டா. நோட்டுல எழுதிட்டா. மறுபடி எடுன்னேன். எடுத்த அளவு எடுத்ததுதான்னு நீங்கதான மாமா போர்டுல எழுதி வச்சிருந்தீங்கங்கிறா. அதுவும் அந்த போர்டுலதான் இருந்துச்சு. அடுத்த வரி.

இவரு மெத்தையத் தட்டிப் போட்டு உக்காந்தாரு.

அதனால இன்னிக்கு நான் சரின்னு சொல்லப் போறேன், தம்பி. உங்க வண்டிக்கு. அஞ்சு மணிக்கு வேற ஆளு பாக்க வர்றாருன்னு நீங்க மருமகளுக்குச் சொன்னீங்களாமே, அவளுக்கு முகமே சரியில்ல. நாங்க மேல வர்ற வரைக்கும் வந்தவருகிட்ட வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேசாதீங்க மாமான்னு கையப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனா. நான் வண்டியப் பத்தியா பேசுறேன்? சீட்டப் பத்தித்தான பேசுறேன். நீங்க எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணணும். விக்கிற பத்திரத்துல ஒரு வரி சேத்துருங்க. முன் சீட்டு, போற வழியில பாதி இன்னாருக்குன்னு. வண்டிச் சொந்தக்காரரு எழுதினா யாரு என்ன சொல்ல முடியும்? நீங்க எழுதினா நான் டிக் பண்ணிருவேன். எழுதலன்னா… பன்னெண்டாவது வண்டியும் போகும். எனக்கு வேற வழி இல்ல.

யோசிங்க. அவசரம் இல்ல. கீழ என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வர்றேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஜன்னலுக்குப் போறதே ஒரு பயணம்.

ம்… மெக்கானிக் எழுந்து கையத் தொடைக்கிறாரு. சிரிக்கிறாரு. நல்லாத்தான் இருக்கும், நான்தான் சொன்னேனே. மருமக நிமிந்து இங்க பாக்குறா. நோட்டத் தூக்கிக் காட்டுறா. என்னம்மா, கேக்கல… என்ன எழுதுற?

டிக் பண்ணிட்டா. அஞ்சாவது பெட்டியில. நான் குனிஞ்சு பாத்தத, தலையாட்டினேன்னு எடுத்துக்கிட்டா. மறுபடியும் குனிஞ்சுட்டேன் பாருங்க.

ஓட்டிப் பாக்கப் போறாங்க போல. தங்கச்சியப் பின்னாடி மெதுவா உக்கார வைக்கிறாங்க. பையன் அந்தப் பக்கம். மருமக இந்தப் பக்கம். அப்ப வண்டிய யாரு ஓட்டுறா? நீலச் சட்டை… இடது கை அர இஞ்சு கம்மி…

தம்பி? அட, எப்ப இறங்கிப் போனீங்க? டீயப் பாதியில வச்சிட்டு. நான் பேசிக்கிட்டே இருக்கேன், ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக்கூடாதா?

இவரு மட்டும் ஏறல. முன் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு மேல பாத்துட்டு நிக்கிறாரு. கையால வேற கூப்பிடுறாரு. சீட்டக் காட்டுறாரு. என்னையத்தான். “மச்சான், வாங்க.” இது கேக்குது.

நான் ஏறினா இவரு எங்க உக்காருவாரு? பின்னாடி மூணு பேரு ஆச்சு. அப்ப இவரு கீழயே நிக்கப் போறாராம். முழு வழியும் எனக்குக் குடுக்குறாராம். பெரிய மனசு. நான் கேட்டது பாதி வழி. அவரு ஒத்துக்கிட்டது பாதி வழி. முழுசா வாங்கினா மீதிப் பாதிக்கு நான்ல அவருக்குக் கடன்படணும்? இருபத்திமூணு வருஷம் காத்திருந்தது இதுக்கா? மாட்டேன். அதுவும் மறுபடி மூணு மாடி இறங்கி நானா போகணுமாம். மேல வந்து, பாதி வழி உங்களுதுன்னு வாயால சொல்லட்டும்.

நிக்கிறாரு. இன்னும் நிக்கிறாரு. ஹாரன் அடிக்கிறீங்க, தம்பி, அவசரப்படாதீங்க.

ஏறிட்டாரு. கதவச் சாத்திட்டாரு. போயிட்டாங்க. பாத்தீங்களா… எப்படி முந்திக்கிட்டாரு, பாத்தீங்களா?

சத்தமே இல்லாம போகுது. நல்ல வண்டி.

ஸ்டூல் போதும் எனக்கு. மெத்தை நாற்காலி காலியாத்தான் கிடக்கு, ஆனா நானா போய் உக்காந்தா கடன் எப்படித் தீரும்? அவரு எழுந்து குடுக்கணும். வரட்டும். இந்நேரம் டீக்கடை முக்கு கிட்ட போயிருப்பாங்க. அதான் பாதி வழி.