தலைமாட்டில் ஒரு ஆள்

வங்காலையிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் நரைத்த தலைகள் இரண்டு. பஸ் இரைச்சலில் கத்தித்தான் பேசினார்கள்.

“கையை விட்டாலும் பாரம் நெஞ்சில விழாது மச்சான். ஜிம்மில இப்ப மெசின். தண்டவாளத்தில போறமாதிரி நேராப் போய் வரும்.”

“நாங்கள் பால்மாத் தகரப் பேணியில சீமெந்து ஊத்தி, குழாயில கொழுவித் தூக்கினனாங்கள்.”

“கோயில் வாங்குப் பலகையில படுத்து. ஒருக்கா என்ர கழுத்தில விழப் பாத்தது. நீதான் தலைமாட்டில நிண்டு பிடிச்சனி.”

“ஓம். பிறகு நீ அழுதனி.”

“மெசினுக்கு அப்பிடி ஆள் தேவையில்ல. தனியச் செய்யலாம், தோளும் நோகாது.”

“அப்ப என்னை ஏன் ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போறாய்?”



“நீ சும்மா வந்து தலைமாட்டில நில்லன்.”