கோட்டுக்கு இங்கால நிண்டவள்

...கதைக்கிறேல்லை எண்டா ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை, பிள்ளை! சோத்தைப் போட்டாச் சாப்பிடுறார், தேத்தண்ணி குடுத்தாக் குடிக்கிறார், வாய்க்கு மட்டும் பூட்டு. கட்டின புருசன்! வெள்ளைக்காரற்ற ஓட்டக் கிளப்பில இவற்ற மரியாதையை நான் மண்ணாக்கிப் போட்டனாம். அங்க கதிரை அடுக்கிறதுதான் இவருக்கு இருந்த மரியாதை, அது வேற கதை... இரும், இரும், பையை மடியில வச்சுக்கொண்டு இரும். ஸ்ட்ராத்ஃபீல்டு ஸ்டேசனிலதானே இறங்கிறீர்? நானும் அங்கதான்.

ரூத்தைத் தெரியுமோ? ஓ... போன மாசம்தான் யாழ்ப்பாணத்தால வந்தனீர், எங்க தெரியப்போகுது! இந்த மண்ணின்ர சொந்தச் சனம் அவள், அபோரிஜினல் பெட்டை. நூறு மீற்றர் ஓட்டத்தில இந்த மாநிலத்தில அவளை வெல்ல ஆளில்லை. எங்கட கிளப்புக்குத்தான் ஓடுறவள். 'எங்கட ரூத், எங்கட ரூத்' எண்டு தலைவர் கோல்மன் உருகிறதைப் பாக்கோணும், பெத்த தேப்பன் தோத்தான்!

ஆனா எங்கட ரூத்தின்ர தாய் மட்டும் எங்கட ஆள் இல்லை, கண்டீரோ. மகள் ஓடுறதைப் பாக்க எங்கயோ தூரத்தில இருந்து பஸ் ஏறி வந்த மனிசி. போட்டிக்கு முதல்நாள் கிளப்பில விருந்து. வாசலில மறிச்சுப் போட்டாங்கள். அங்கத்தவருக்கு மட்டுமாம். சரி, சட்டம் எண்டாச் சட்டம்தானே? அப்ப நான் என்ன அங்கத்தவரோ? அவவுக்குப் பின்னால நிண்ட எனக்குக் கதவைத் திறந்து பிடிச்சு, 'வாங்கோ மிஸிஸ் நித்தியானந்தன், சாறி நல்ல வடிவு' எண்டுறாங்கள்! வெள்ளையருக்கு மட்டும் எண்ட சட்டத்தை எடுத்துப்போட்டு எங்களை நாட்டுக்குள்ள விட்டதே இப்பதான், அதுக்குள்ள என்ன உபசாரம்! ஓம்... நானும் உள்ள போனனான்தான். என்னத்தை மறைக்க.

அடுத்தநாள் விடியவே கோல்மன் ஃபோன். ரூத் வெண்டா நான்தான் பதக்கம் போடோணுமாம். நான் ஏன்? பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டன்! கறுத்தக் கையால கறுத்தக் கழுத்தில போட்டா, கிளப்பில நிறபேதமே இல்லையெண்டு பேப்பரில படம் வருமெல்லே. என்ன மூளை, என்ன மூளை! இவருக்கோ கால் நிலத்தில இல்லை. 'விமலா, அந்தக் கூறைச் சீலையை உடு' எண்டுறார். பகல் பத்து மணிக்கு, மைதானத்துக்கு, கூறைச் சீலை!

ஓட்டம் தொடங்கிச்சுது. ரூத் முன்னுக்கு வாறாள், மற்றவையள் எங்கயோ பின்னால. சனம் எழும்பி நிண்டு கத்துது. ஓட்டம் முடியிற கோடு கிட்ட வர... வேகத்தைக் குறைச்சாள், பிள்ளை. குறைச்சுக் குறைச்சு, கோட்டைத் தாண்டாமல் இங்கால நிண்டிட்டாள். மற்றவையள் ஒராள் ஒராளா இவளைத் தாண்டிப் போகினம். இவள் கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பாத்துச் சத்தமாச் சொன்னாள்: "உங்கட வாசலை என்ர அம்மா தாண்டக்கூடாதெண்டா, உங்கட கோட்டை நானும் தாண்டமாட்டன்!"

ஐயோ, அதுக்குப் பிறகு சனம் போட்ட கூச்சல்! நன்றி கெட்டவளாம். ஓடிக் களைச்சவளும் அவள், நன்றி சொல்லவேண்டியவளும் அவள். நல்ல நியாயம்! கோல்மன்ர முகம் பீற்றூட் கிழங்கு. முதலாவதா வந்ததெண்டு ஒரு பிள்ளையை மேடையில ஏத்தினார். பாவம், அது அழுதுகொண்டு நிக்குது. 'கெதியாப் போடுங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ' எண்டு என்ர காதுக்குள்ள சொல்லுறார். கீழ நிண்டு இவரும் கையைக் காட்டுறார், போடு, போடு எண்டு.

எனக்கு என்ன பிடிச்சுதோ தெரியாது. அந்தத் தாய் வாசலில கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிண்ட நிலைதான் கண்ணுக்குள்ள வந்துது. பதக்கத்தை மேசையில வச்சன். மேடையால இறங்கினன். சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, குதிச்செருப்பு புல்லுக்குள்ள புதையப் புதைய நடந்தன். 'விமலா! விமலா!' எண்டு இவர் கூப்பிடுறது கேக்குது. சனம் என்னையும் பாத்துக் கூச்சல் போடுது. போய் ரூத்துக்குப் பக்கத்தில, நானும் கோட்டுக்கு இங்கால நிண்டன்.

பேப்பரில வந்த படம் அதுதான். இனிக் கதிரை அடுக்க வரவேண்டாமெண்டு கிளப்பால இவருக்குச் சொல்லிப்போட்டினம்.

நான் போய்ப் பக்கத்தில நிக்கேக்க, ரூத் என்னை மேலயும் கீழயும் பாத்தாள். முந்தினநாள் தன்ர தாயைத் தாண்டி உள்ள போனவள் நான் எண்டு அவளுக்குத் தெரியும்தானே.

"உங்களை ஆர் அனுப்பினது?" எண்டு கேட்டாள்.

"ஒருத்தரும் அனுப்பேல்லை" எண்டன்.

கொஞ்சம் தள்ளி நிண்டு, பக்கத்தில எனக்கு இடம் விட்டாள்.