லொட்ஜில் அழகி கைது

கப்பல்துறை பஸ்ஸில் என் பக்கத்தில் இரண்டு பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இளையவள் கைபேசியில் செய்தி வாசித்தாள்.

“அக்கா, பாலியல் தொழில் சட்டபூர்வமாகிட்டுதாம்.”

“தலைப்பை விட்டிட்டுக் கீழ வாசி பிள்ளை.”

“சட்டபூர்வமாக்கச் சொல்லி ஒரு எம்.பி. கேட்டவராம்.”

“கேட்டதெல்லாம் சட்டமெண்டா நான் இந்தப் பஸ்ஸில சீற்றில இருந்துகொண்டெல்லோ போவன். இந்தச் செய்திக்காரங்கள்தானே போன மாசம் ‘லொட்ஜில் அழகி கைது’ எண்டும் போட்டவங்கள்.”

“ஓம் அக்கா, நானும் ஷெயார் பண்ணினனான்.”

“அது என்ர தங்கச்சி. அங்க கூட்டித் துடைக்கிறவள். அம்பத்திரண்டு வயசில அவளை அழகியெண்டு சொன்ன முதல் ஆக்கள் இவங்கள்தான்.”

இளையவள் கைபேசியைக் கைப்பைக்குள் வைத்தாள்.

“கோட்டில குற்றமில்லையெண்டு விட்டிட்டினம். அதையும் போடுங்கோ எண்டு போன் எடுத்துக் கேட்டனான். அது செய்தியில்லையாம்.”