கங்கா சொன்ன பதில்

– ஐப்பசி கழிஞ்சு கார்த்திகை பொறந்திருச்சு, டீச்சர். மூணு நாளா வானம் முகம் தெளியாமக் கிடக்கு. செம்பனை மரமெல்லாம் தலை நனைஞ்சு, தவத்துல நிக்கிற மாதிரி அசையாம நிக்குது. கோயில் மணியோசைகூட மழைக்குள்ள நனைஞ்சு நனைஞ்சு, மெதுவாத்தான் இந்த மண்டபத்துக்கு வந்து சேருது. இந்த மாசத்துக்கே ஒரு அடக்கம் உண்டு.

– அழகாச் சொல்றீங்க, புஷ்பவள்ளி அக்கா. ஆனா தமிழ்ல சொல்றீங்களே! இதுக்கா தஞ்சோங் காராங்ல இருந்து மழையில வந்தேன்? நாளைக்கு அந்த வெள்ளைக்காரம்மா எஸ்டேட்டைச் சோதிக்க வந்துருவாங்க, அவங்க முன்னால நீங்கதான் பேசணும். பாடத்தைச் சொல்லுங்க. உங்க மனசைத் தொட்ட பெண். இங்கிலீஷ்ல.

– "மை இன்ஸ்பைரிங் வுமன்... ஷீ ஃப்ளை டு ஸ்பேஏஏஸ்... ஷீ இஸ் வெரி பிரேஏஏவ்..."

– அக்கா, அக்கா, நிறுத்துங்க! ஏன் தேவாரம் மாதிரி பாடுறீங்க?

– ராகம் போட்டாத்தான் எனக்கு மனசுல நிக்கும், ஃப்ளோரா டீச்சர். முப்பது வருஷமா பதிகமெல்லாம் அப்படித்தான் பாடம் பண்ணேன். ராகத்தை எடுத்தா வார்த்தையும் கூடவே போயிருது லா.

– எங்க சர்ச்சுல கேட்டா உடனே பாட்டுக்குழுவுல சேத்துக்குவாங்க. ஆனா நம்ம செம்பனை எண்ணெய் வாங்குற கம்பெனி அனுப்புற ஆளு முன்னால பாட முடியாதே. விண்வெளிக்குப் போனவங்களை விடுங்க. நீங்க கண்ணால பார்த்த ஒரு பெண்ணைச் சொல்லுங்க.

– கங்கா.

– யாரு அது?

– என்கூடக் களைக்கு மருந்தடிச்சவ. போன வருஷம் அந்தம்மா வந்தப்போ, "கிளவுஸ் குடுக்கிறாங்களா?"ன்னு கேட்டாங்க. நாங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். அவ மட்டும் நிமிர்ந்து "இல்ல"ன்னா. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி அதை இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னார். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே "வெரி குட்"ன்னு எழுதிக்கிட்டாங்க.

– கடவுளே! மாத்திச் சொல்லிட்டாரா?

– பக்கத்துல மேனேஜர் நின்னார். அடுத்த மாசமே கங்காவுக்கு வேலை போச்சு. எங்களுக்கு இன்னும் கிளவுஸ் வரல.

– இதைச் சொல்லுங்க. ராகம் இல்லாம, உங்களுக்கு வர்ற இங்கிலீஷ்ல.

– "ஷீ இஸ் கங்கா. ஷீ ஸ்ப்ரே பாய்சன். லாஸ்ட் இயர், ஷீ சே, நோ கிளவுஸ். ஷீ லாஸ்ட் ஜாப். டுடே, ஸ்டில் நோ கிளவுஸ். ப்ளீஸ், லுக் மை ஹேண்ட்."

– அக்கா... போதும். இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்.

– பயமா இருக்கு, டீச்சர். அந்தக் கிராணி வேற யாரும் இல்ல. என் வீட்டுக்காரர் சுகுமாரன். நான் வாயைத் திறந்தா முதல்ல அவர் பொய்தான் வெளிய வரும். அவர் வேலையும் போகும், இருக்கிற குவார்ட்டர்ஸும் போகும்.

– இது தெரியாம உங்களைத் தூண்டிவிட்டேனே! வேணாம்னா விட்டுருங்க, அக்கா. யாரும் குறை சொல்லமாட்டாங்க.

– கொஞ்சம் இருங்க. அம்மனுக்கு ஒரு அகல் ஏத்திர்றேன்... காத்து அணைக்குது. உங்க கையால மறைச்சுக்குவீங்களா?

– மறைச்சிருக்கேன், ஏத்துங்க... யாருக்காக வேண்டிக்கிட்டீங்க? கங்காவுக்கா?

– அவருக்கு. இந்த இங்கிலீஷ் வகுப்புல என் பேரைக் குடுத்ததே அவர்தான், டீச்சர். "என் வாயால அதைத் திருத்த முடியல, புஷ்பா. நீ கத்துக்கிட்டுச் சொல்லிரு"ன்னார்.

– ஆண்டவர் உங்க ரெண்டு பேருக்கும் துணையா இருப்பாராக, அக்கா.